சாவி யாரிடம்?
'அறிவுள்ள' எந்திரங்களும் தொழிலாளியின் கையும்: சில குறிப்புகள்

1

கோவை கணபதியில் ஒரு சின்னப் பட்டறை. நாலு சி.என்.சி. லேத்துகள், பத்துப் பன்னிரண்டு பேர். வேறொரு வேலையாக அங்கே போனபோது என் மாமாவும் கூட வந்திருந்தார். முப்பது வருஷம் டர்னராக இருந்து ஓய்வு பெற்றவர். முதலாளி வரும்வரை ஓரமாக நின்றுகொண்டிருந்தோம். திடீரென்று மாமா தலையைத் திருப்பினார். "டூல் கத்துது" என்றார். எனக்கு அங்கே எல்லாச் சத்தமும் ஒன்றுதான். எந்திரத்தின் முன்னால் நின்ற பையனுக்கு இருபது வயசிருக்கும், ஐ.டி.ஐ. முடித்தவன். ஃபீடைக் கொஞ்சம் குறைக்கச் சொன்னார் மாமா. அவன் சிரித்தான். "எனக்கும் கேக்குதுங்க ஐயா. ஆனா புரோகிராம்ல நம்ம கை வைக்க முடியாதுங்க. சாவி சூப்பர்வைசர்கிட்ட இருக்குங்க."

சாவி என்றால் நிஜமான சாவிதான். எந்திரத்தின் பலகையில் ஒரு பூட்டு இருக்கும். அதைத் திருப்பினால் உள்ளே இருக்கிற புரோகிராமைத் திருத்தலாம். திருப்பாவிட்டால் ஓட்ட மட்டும்தான் முடியும். பச்சைப் பொத்தானை அழுத்தினால் ஓடும், சிவப்பை அழுத்தினால் நிற்கும். இவை இரண்டுக்கும் நடுவே, ஓடும்போதே வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு உண்டு. அந்தப் பட்டறையில் அதையும் வேலை செய்யாதபடி நிறுத்தி வைத்திருந்தார்கள். பையன்கள் குறைத்து ஓட்டி நேரத்தைக் கடத்துகிறார்களாம்.

இந்தக் கட்டுரை அந்தச் சாவியைப் பற்றியது. 'அறிவார்ந்த இடைமுகம்', 'செயற்கை நுண்ணறிவு' என்ற பெயர்களோடு இன்று தொழிற்சாலைக்கும் சுரங்கத்துக்கும் வயலுக்கும் வந்துகொண்டிருக்கும் எந்திரங்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் இரண்டில் ஒன்றைத்தான் கேட்கிறார்கள். ஒன்று, வேலை போகுமா போகாதா? இரண்டு, எந்திரத்துக்கு உண்மையிலேயே அறிவு இருக்கிறதா இல்லையா? இரண்டும் தேவையான கேள்விகள்தான். ஆனால் இவற்றுக்கு நடுவே மூன்றாவது ஒன்று நழுவிப் போகிறது. அந்தப் பையனுக்குக் காது இருந்தது, அறிவு இருந்தது, வேலையும் இருந்தது. இல்லாமற் போனது தன் அறிவின்படி நடந்துகொள்ளும் உரிமை. இது எப்போது, யாரால், எந்த வழியாகப் பறிக்கப்பட்டது என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது.

தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். நாம் பல வருஷங்களாகப் பிரதி, ஆசிரியன், வாசகன் என்று பேசி வந்திருக்கிறோம். புரோகிராம் என்பதும் ஒரு பிரதிதான். அதை யார் எழுதுகிறார்கள், யார் வாசிக்க மட்டும் அனுமதிக்கப்படுகிறார்கள், வாசிப்பவன் அதன் ஓரத்தில் ஒரு திருத்தம் எழுதலாமா கூடாதா என்பவை நமக்குப் பழக்கமான கேள்விகள். ஆசிரியனின் மரணத்தைப் பற்றி நாம் உற்சாகமாக விவாதித்துக்கொண்டிருந்த காலத்துக்கு வெகு முன்பே தொழிற்கூடத்தில் அது நடந்து முடிந்திருந்தது. அங்கே செத்தது தொழிலாளி என்கிற ஆசிரியன்.

2

கைப்பக்குவம் என்று நம்மிடம் ஒரு சொல் இருக்கிறது. சமையலுக்கும் சொல்வோம், வைத்தியத்துக்கும் சொல்வோம், பட்டறை வேலைக்கும் சொல்வோம். ஒரு வேலை நன்றாக வந்துவிட்டால் அது 'கைவந்துவிட்டது' என்கிறோம். தலைக்கு வந்துவிட்டது என்று சொல்வதில்லை. கடையும்போது சுருண்டு விழும் இரும்புச் சுருளின் நிறம், டூலின் சத்தம், கைப்பிடியில் தெரியும் அதிர்வு இவற்றை வைத்து வேகத்தை முடிவு செய்வது டர்னரின் கைப்பக்குவம். அதை அவரிடம் எழுதித் தரச் சொன்னால் எழுத வராது. இந்த 'எழுத வராதது'தான் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் முதலாளிக்குப் பெரிய தலைவலியாக இருந்தது.

ஃபிரடெரிக் டெய்லர் 1880களில் ஃபிலடெல்ஃபியாவின் மிட்வேல் எஃகு ஆலையில் மேஸ்திரியாக இருந்தவர். லேத் ஓட்டும் தொழிலாளர்களோடு அவருக்கு ஓயாத சண்டை. ஒரு நாளைக்கு எவ்வளவு கடைய முடியும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். தெரிந்த அவர்கள் சொல்ல மாட்டார்கள். இந்தச் சண்டையிலிருந்து பிறந்ததுதான் உலோகத்தை வெட்டுவது குறித்த அவருடைய ஆராய்ச்சி. 26 ஆண்டுகள் நடந்த சோதனைகளின் முடிவை 1906இல் அமெரிக்க எந்திரப் பொறியாளர் சங்கத்தின் முன் வைத்தார். வெட்டும் வேகத்தைத் தீர்மானிக்கிற 12 காரணிகளைப் பிரித்து, அவற்றைக் கணக்கிட ஒரு நழுவு அளவுகோலும் செய்து வைத்திருந்தார்கள். தொழிலாளியின் கைக்குள் இருந்ததை மேலாளரின் மேசைமேல் கொண்டுவந்து வைக்கிற முயற்சி அது. 1911இல் வெளிவந்த விஞ்ஞான நிர்வாகம் பற்றிய நூலில் அவர் இதை மறைக்கவும் இல்லை. காலங்காலமாகத் தொழிலாளர்கள் சேர்த்துவைத்த அறிவையெல்லாம் திரட்டி விதிகளாகவும் அட்டவணைகளாகவும் ஆக்குவது நிர்வாகத்தின் கடமை என்றே சொல்கிறார்.

ஹாரி பிரேவர்மன் 1974இல் எழுதிய 'உழைப்பும் ஏகபோக மூலதனமும்' இந்தப் புள்ளியிலிருந்துதான் தொடங்குகிறது. அவரே செம்புப் பட்டறையில் தொழில் பழகியவர். திட்டமிடுவதை ஓரிடத்திலும் செய்வதை வேறோரிடத்திலும் பிரித்து வைப்பதுதான் நவீன நிர்வாகத்தின் அடிப்படை என்பது அவர் வாதம். கிராம்ஷி இதில் ஒரு சின்ன ஓட்டையைக் கண்டிருந்தார். தொழிலாளியைப் பழக்கப்பட்ட விலங்காக ஆக்கிவிடலாம் என்று டெய்லர் நினைத்தாலும், அசைவுகள் பழகிப்போன பிறகு மூளை சும்மா இருக்கிறது. அது வேறெதை வேண்டுமானாலும் யோசிக்கலாம் என்று சிறைக்குறிப்புகளில் எழுதினார். இந்தச் சும்மா இருக்கிற மூளை பின்னால் நமக்குத் தேவைப்படும்.

3

இனி வருவது பலருக்குத் தெரியாத கதை. எந்திரத்தைத் தானாக ஓடவைக்க ஒரு வழிதான் இருந்தது, அது தவிர்க்க முடியாதபடி நடந்தது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அப்படி இல்லை. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு அமெரிக்காவில் இரண்டு வழிகள் இருந்தன.

முதல் வழி, பதிந்து ஓட்டுவது. ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் 1940களின் பிற்பகுதியில் இதை உருவாக்கினார்கள். தேர்ந்த தொழிலாளி ஒருவர் முதல் உருப்படியைத் தன் கையால் செய்வார். அவர் கைப்பிடிகளைத் திருப்பும்போது எந்திரம் அசைகிற ஒவ்வோர் அசைவும் காந்த நாடாவில் பதிவாகும். பிறகு நாடாவை ஓட்டினால் எந்திரம் அதே அசைவுகளைத் திரும்பச் செய்யும். நாடாவில் இருப்பது அவருடைய கைப்பக்குவம். வேறு வேலை வந்தால் மறுபடியும் அவரிடம்தான் போக வேண்டும்.

இரண்டாவது வழி, எண்வழிக் கட்டுப்பாடு. மிச்சிகனில் ஹெலிகாப்டர் இறக்கைகள் செய்துகொண்டிருந்த ஜான் பார்சன்ஸின் யோசனையில் தொடங்கி, அமெரிக்க விமானப்படையின் பணத்தில், எம்.ஐ.டி.யின் ஆய்வுக்கூடத்தில் வளர்ந்தது. வரைபடத்தைக் கணக்காக மாற்றி, கணக்கைத் துளைகளாகக் காகித நாடாவில் அடித்து, நாடாவை எந்திரத்துக்குக் கொடுப்பது. தறிக்கு மேலே தொங்கும் ஜக்கார்டு அட்டைகளைக் காஞ்சிபுரத்திலோ ஆரணியிலோ பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். 1952இல் எம்.ஐ.டி. இதைச் செய்துகாட்டியபோது கட்டுப்பாட்டு அலமாரி எந்திரத்தைவிட அதிக இடத்தை அடைத்துக்கொண்டு நின்றது. இந்த வழியில் தொழிலாளியின் கை எங்குமே தேவையில்லை. பொறியாளரின் மேசையிலிருந்து நேராக உலோகத்துக்கு.

வென்றது இரண்டாவது வழி. ஏன்? எம்.ஐ.டி.யிலேயே பாடம் நடத்திய வரலாற்றாசிரியர் டேவிட் நோபிள் 1984இல் 'உற்பத்தி சக்திகள்' என்ற நூலில் இந்தக் கேள்வியைத்தான் கேட்டார். ஜெட் விமானத்தின் வளைவான பாகங்களைக் கையால் செதுக்கிப் பதிவது கடினம், அதற்குக் கணக்கு தேவைப்பட்டது என்பது உண்மை. அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் சாதாரணப் பட்டறைகளின் சாதாரண வேலைகளுக்குப் பதிந்து ஓட்டும் முறை மலிவாகவும் எளிதாகவும் இருந்திருக்கும். விமானப்படை தன் செலவிலேயே எண்வழி எந்திரங்களை வாங்கி ஒப்பந்தக்காரர்களின் ஆலைகளில் நிறுத்தியது. போருக்குப் பிந்தைய வேலைநிறுத்தங்களைக் கண்டு மிரண்டிருந்த நிர்வாகங்களுக்கும் தொழிலாளியின் கையை நம்பியிருக்கிற எந்திரம் பிடிக்கவில்லை. நாடா யார் கையிலிருந்து புறப்படுகிறது என்பதுதான் பிரச்சினை என்கிறார் நோபிள்.

ஜெனரல் எலக்ட்ரிக்கின் விளம்பரப் பிரிவில் அப்போது வேலை பார்த்துக்கொண்டிருந்தவர் கர்ட் வானகட். அவருடைய முதல் நாவலான 'பிளேயர் பியானோ' 1952இல், அதாவது எம்.ஐ.டி.யின் செய்துகாட்டல் நடந்த அதே வருஷத்தில் வெளிவந்தது. அதில் ரூடி ஹெர்ட்ஸ் என்ற லேத் தொழிலாளியின் அசைவுகளை நாடாவில் பதிந்துவிட்டு அவரை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். தன் கையைத் தேர்ந்தெடுத்தார்களே என்று அவருக்குப் பெருமை வேறு. நாவலாசிரியர் பயந்தது முதல் வழியைக் கண்டு. உலகம் போனது இரண்டாவது வழியில். ஆனால் கதை அங்கே முடியவில்லை.

4

கணக்கு என்னவோ சுத்தமாகத்தான் இருந்தது. உலோகம் அப்படி இல்லை. வார்ப்பில் ஓரிடம் கெட்டியாக இருக்கும். டூல் தேயும். நாடாவில் ஒரு துளை தப்பியிருக்கும். 'பொத்தானை அழுத்தினால் போதும்' என்று வாங்கிய எந்திரத்தின் பக்கத்தில் காது கேட்கிற ஒருவர் நின்றே ஆக வேண்டியிருந்தது. நோபிளின் நூலில் முக்கியமான பகுதி என்று நான் நினைப்பது இதைத்தான். தொழிலாளியின் அறிவை அழிக்க முடியவில்லை. அதற்குச் சம்பளம் தராமல், அதற்குப் பெயர் வைக்காமல், அதிகாரமும் தராமல் பயன்படுத்திக்கொள்ள மட்டும் முடிந்தது.

லிசான் பெய்ன்பிரிட்ஜ் என்ற உளவியலாளர் 1983இல் எழுதிய 'ஆட்டோமேஷனின் முரண்நகைகள்' என்ற கட்டுரை சில பக்கங்கள்தான், ஆனால் இன்றுவரை பேசப்படுகிறது. வடிவமைப்பாளர், மனிதன் தப்புச் செய்வான் என்று அவனை விலக்குகிறார். தன்னால் எந்திரமயமாக்க முடியாத மிச்சத்தை அவனிடமே விட்டுவிடுகிறார். எல்லாம் ஒழுங்காக நடக்கும்வரை சும்மா உட்கார்ந்து பார். ஏதாவது கெட்டுப்போனால் அந்தக் கணத்தில் எந்திரத்தைவிடத் திறமையாகச் செயல்படு. ஆனால் தினமும் செய்யாத வேலை கைவிட்டுப் போய்விடும். ஷோஷானா ஸூபாஃப் 1988இல் வெளியிட்ட நூலில் காகித ஆலைத் தொழிலாளர்களைப் பற்றிச் சொல்வதும் இதோடு சேர்ந்தது. கூழைத் தொட்டும் முகர்ந்தும் பதம் பார்த்தவர்களைக் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்துத் திரையில் எண்களைக் காட்டினார்கள். உடம்பில் இருந்த அறிவு திரைக்கு முன்னால் ஊமையாகிவிட்டது. அதே திரையைக் கொண்டு தொழிலாளி ஆலை முழுவதையும் புரிந்துகொள்ளவும் முடியும், நிர்வாகம் விட்டால் என்பதையும் அவர் சேர்த்துச் சொன்னார்.

இங்கேதான் இடைமுகம் என்ற பிரச்சினை வருகிறது. நல்ல சொல் அது. எந்திரத்துக்கும் மனிதனுக்கும் இடையில் இருக்கிற முகம். முகம் காட்டவும் செய்யும், மறைக்கவும் செய்யும். அது எப்படி அமைய வேண்டும் என்பதில் விதி ஒன்றும் எழுதப்பட்டிருக்கவில்லை. 1970களில் எந்திரத்துக்குள்ளேயே கணினி வந்தபோது புரோகிராமைப் பட்டறைத் தரையிலேயே திருத்த முடிந்தது. அதாவது பறிபோனதைத் திருப்பித் தரத் தொழில்நுட்பம் தயாராக இருந்தது. 1981இல் ஜப்பானின் மசாக் நிறுவனம் கொண்டுவந்த 'மசாட்ரோல்' பலகை தொழிலாளியிடம் கேள்வி கேட்கும்: என்ன உலோகம், எவ்வளவு விட்டம், எங்கே மரை? பதில்களிலிருந்து புரோகிராமைத் தானே எழுதிக்கொள்ளும். எதிரில் நிற்பவருக்குத் தொழில் தெரியும் என்று நம்பிச் செய்யப்பட்ட இடைமுகம் அது. அதே காலத்தில்தான் பலகையில் பூட்டும் வந்தது. இரண்டுமே தொழில்நுட்பம்தான். எது நம் பட்டறையில் இருக்கிறது என்பதைத் தீர்மானிப்பது தொழில்நுட்பம் அல்ல.

மாமாவின் காதுக்கு வருவோம். டூல் கத்துவதைக் கேட்கிற எந்திரங்கள் இப்போது உண்டு. ஜப்பானின் ஒகுமா நிறுவனத்துடைய 'மெஷினிங் நவி' ஒரு மைக் வைத்து அதிர்வுச் சத்தத்தை வாங்கி அலசுகிறது. அதன் ஒரு வகை, எந்த எந்தச் சுழல்வேகத்தில் ஓட்டினால் சத்தம் அடங்கும் என்று திரையில் காட்டிவிட்டுத் தேர்வைத் தொழிலாளியிடம் விடுகிறது. இன்னொரு வகை, யாரையும் கேட்காமல் தானே வேகத்தை மாற்றிக்கொள்கிறது. முன்னதில் தொழிலாளி ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கற்கிறார். பின்னதில் எந்திரம் மட்டும் சரியாகிறது. விற்பனைக் கையேட்டில் இரண்டுக்கும் ஒரே பெயர்தான்: அறிவார்ந்த எந்திரம்.

5

பட்டறையை விட்டு வெளியே வருவோம். மண் தோண்டும் எந்திரத்தை நம் ஊரில் 'பொக்லைன்' என்போம், 'ஹிட்டாச்சி' என்போம். இரண்டும் கம்பெனிப் பெயர்கள். சாதிப்பெயர் போல எந்திரத்துக்கே ஒட்டிக்கொண்டன. இரண்டு கைப்பிடிகளில் நாலு அசைவுகள்: பெரிய கை, சின்னக் கை, வாளி, சுழற்சி. குழி தோண்டுவது சுலபம். சமமாகத் தரை சீவுவதுதான் கஷ்டம். சின்னக் கையை இழுக்கும்போதே பெரிய கையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்க வேண்டும், வாளியின் கோணத்தையும் விடக் கூடாது. வருஷக்கணக்கில் ஓட்டினால்தான் கைவரும்.

ஜப்பானின் கொமாட்சு நிறுவனம் 2013இல் புல்டோசரிலும் 2014இல் இந்த வகை எந்திரத்திலும் 'அறிவார்ந்த கட்டுப்பாடு' என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. செயற்கைக்கோள் வழியாக எந்திரம் தன் இடத்தை அறியும். ஹைட்ராலிக் தண்டுகளில் இருக்கும் உணரிகள் வாளியின் நுனி எங்கே இருக்கிறது என்று சொல்லும். வடிவமைப்பு வரைபடம் உள்ளேயே இருக்கும். ஓட்டுநர் சின்னக் கையை இழுத்தால் போதும். பெரிய கையை எந்திரமே தூக்கிக்கொள்ளும், வரைபடத்தின் கோட்டுக்குக் கீழே வாளி போகாது. அதே 2013இல் ஜான் டீர் நிறுவனம் காட்டில் மரம் ஏற்றும் எந்திரங்களுக்கும் இதேபோல ஒன்றைச் செய்தது. கிரேனின் ஒவ்வொரு மூட்டையும் தனித்தனியாக ஓட்ட வேண்டாம், நுனி எங்கே போக வேண்டும் என்று காட்டினால் போதும்.

சரி, இதில் என்ன தப்பு? தப்பில்லை. தோளும் மணிக்கட்டும் தேயாமல் இருப்பது நல்லது. அளவுகோலைப் பிடித்துக்கொண்டு குழிக்குள் ஒரு ஆள் நிற்க வேண்டியதில்லை என்பது மிக நல்லது. எந்திரத்தை உடைக்கச் சொல்கிற கட்சி இல்லை நான். கைக்கு உதவுகிற எந்திரம் கையிடமிருந்து என்ன எடுத்துக்கொள்கிறது என்பதுதான் கேள்வி.

செயற்கை நுண்ணறிவின் இன்றைய முறைகளில் ஒன்று, செய்துகாட்டியதைப் பார்த்துக் கற்பது. தேர்ந்த ஓட்டுநர்கள் வேலை செய்யும்போது கைப்பிடியின் அசைவு, எண்ணெயின் அழுத்தம், கேமரா பார்த்தது எல்லாவற்றையும் பதிவு செய்து, அந்தப் பதிவுகளிலிருந்து 'இந்த நிலையில் இப்படி அசை' என்பதை எந்திரம் கற்றுக்கொள்ளும்படி செய்வது. நன்றாகப் பாருங்கள், இது 1940களில் கைவிடப்பட்ட அந்த முதல் வழிதான். பதிந்து ஓட்டுவது திரும்ப வந்துவிட்டது. அன்று அது ஓரங்கட்டப்பட்டதற்கு ஒரு காரணம், நாடா தொழிலாளியின் கையை நம்பியிருந்தது. ஒவ்வொரு புது வேலைக்கும் அவரிடம் போக வேண்டியிருந்தது. இன்று ஓர் ஆளின் நாடா அல்ல, ஆயிரம் ஆட்களின் நாடாக்கள் ஒன்றாகக் கரைக்கப்படுகின்றன. யாருடைய கை எங்கே இருக்கிறது என்று பிரித்துச் சொல்ல முடியாது. பொது அறிவு எந்திரத்துக்குள் படிந்து மூலதனத்தின் சக்தியாக எதிரே வந்து நிற்பதைப் பற்றி மார்க்ஸ் 1857-58இன் குறிப்பேடுகளில் எழுதினார். அவர் நினைத்தது விஞ்ஞானத்தை. இப்போது கைப்பக்குவமும் அதில் சேர்ந்துவிட்டது. ரூடி ஹெர்ட்ஸுக்காவது தன் நாடா எது என்று தெரிந்திருந்தது.

பதிவு செய்வது திறமையை மட்டும் அல்ல. கொமாட்சு 2001இலிருந்து தன் எந்திரங்களில் பொருத்தி வரும் 'கோம்ட்ராக்ஸ்' எந்திரம் எங்கே நிற்கிறது, எத்தனை மணி ஓடியது, எவ்வளவு டீசல், எவ்வளவு நேரம் வேலையில்லாமல் உறுமிக்கொண்டிருந்தது என்று தூரத்தில் இருப்பவருக்குச் சொல்லும். திருட்டைத் தடுக்கவும் பழுதை முன்கூட்டி அறியவும் அது உதவுகிறது. ஓட்டுநர் பீடி பிடித்த நேரமும் அதில் ஒரு கோடாக விழுகிறது. 2013இல் கேட்டர்பில்லர், ஓட்டுநரின் கண்ணிமையைக் கவனிக்கிற கேமராக்களைச் செய்யும் சீயிங் மெஷின்ஸ் நிறுவனத்தோடு கைகோத்தது. சுரங்கத்தில் இரவு வேலையில் தூங்கிவிடாமல் அது உயிரைக் காக்கும். கண்ணை எங்கே வைத்திருக்கிறாய் என்பதையும் அதுவே பார்க்கும். கிராம்ஷி தொழிலாளிக்கு மிச்சம் விட்ட அந்தச் சும்மா இருக்கிற மூளை, இந்தக் கேமராவின் முன்னால் 'கவனக்குறைவு' என்ற பெயரைப் பெறுகிறது. ஃபூக்கோ சொன்ன கண்காணிப்புக்குக் கோபுரம் தேவைப்பட்டது. இப்போது நாம் பார்க்கிற திரையே நம்மைப் பார்க்கிறது.

சாவியும் இடம் மாறிவிட்டது. சூப்பர்வைசரின் சட்டைப்பையில் இருந்தவரை அவரோடு சண்டையாவது போடலாம். ஜான் டீர் 2015இல் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்திடம் தந்த கருத்துரையில், வண்டியை வாங்கியவருக்கு அதற்குள் இருக்கும் மென்பொருளைப் பயன்படுத்த உரிமம் மட்டுமே உண்டு என்று வாதாடியது. டிராக்டர் விவசாயியுடையது, அதன் மூளை கம்பெனியுடையது. பழுது பார்க்கும் மென்பொருளைத் தன் டீலர்களிடமே வைத்துக்கொண்டு விவசாயிகளை முடக்குகிறது என்று அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2025 ஜனவரியில் அந்தக் கம்பெனி மீது வழக்குத் தொடுத்தது. பட்டறைப் பையனின் பிரச்சினை முதலாளிக்கும் வந்துவிட்டது என்பதுதான் இதன் சாரம். கணபதிப் பட்டறையின் சொந்தக்காரரும் நாளை அதே வாக்கியத்தைச் சொல்லலாம்: சாவி நம்மிடம் இல்லீங்க.

இன்னொன்று, மொழி. நான் பார்த்த பட்டறைகளில் பலகையின் மொழி இங்கிலீஷ். அலாரம் வந்தால் பையன்கள் வாசகத்தைப் படிப்பதில்லை, எண்ணை மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். சீமென்ஸும் மைக்ரோசாஃப்டும் 2023இல் அறிவித்த தொழில்துறை உதவியாளன், பேசுகிற மொழியில் கேட்டால் கட்டுப்பாட்டு நிரலை எழுதித் தருகிறது. நாளை இது தமிழிலும் பேசும். வரவேற்க வேண்டியதுதான். ஆனால் தமிழில் வந்தாலும் உத்தரவு உத்தரவுதான். எந்திரத்திடம் தமிழில் 'ஏன்?' என்று கேட்கவும், 'இல்லை, இப்படிச் செய்' என்று திருத்தவும் முடிந்தால்தான் அது நம் மொழியில் பேசுகிறது என்று அர்த்தம்.

6

எழுதிப் புலம்புவதோடு நிறுத்தினால் இந்தக் கட்டுரைக்கு அர்த்தமில்லை. வேறு வழிகள் முயன்று பார்க்கப்பட்டிருக்கின்றன.

நார்வேயின் கிறிஸ்டன் நைகார்ட் கணினி மொழிகளின் வரலாற்றில் பெரிய பெயர். 'சிமுலா' மொழியை உருவாக்கிய இருவரில் ஒருவர். 1970களின் தொடக்கத்தில் அவர் இரும்பு, உலோகத் தொழிலாளர் சங்கத்தோடு சேர்ந்து வேலை செய்தார். நிர்வாகம் கொண்டுவரும் கணினி அமைப்பைத் தொழிலாளர்களே படித்துப் புரிந்துகொள்ளப் பாடநூல் எழுதினார்கள், கிளைகளில் கூடி விவாதித்தார்கள். அதிலிருந்து பிறந்தவைதான் அந்த நாட்டின் 'தகவல் ஒப்பந்தங்கள்'. புது அமைப்பு வருமுன் சங்கத்துக்குப் புரிகிற மொழியில் விளக்க வேண்டும். அதைக் கவனிக்கத் தொழிலாளர்களுக்குத் தனிப் பிரதிநிதி உண்டு. 1981இல் தொடங்கிய 'உடோப்பியா' திட்டத்தில் ஸ்காண்டிநேவிய அச்சுத் தொழிலாளர்கள் மரப்பலகையையும் காகிதத்தையும் கொண்டு போலித் திரைகள் செய்து, தங்களுக்கு எப்படிப்பட்ட இடைமுகம் வேண்டும் என்று ஆய்வாளர்களுக்குக் காட்டினார்கள். பிரிட்டனில் லூகாஸ் ஏரோஸ்பேஸ் தொழிலாளர்கள் 1976இல் ஆயுதத்துக்குப் பதிலாக என்னென்ன செய்யலாம் என்று ஒரு மாற்றுத் திட்டமே போட்டார்கள். நிர்வாகம் ஏற்கவில்லை. அவர்களில் ஒருவரான மைக் கூலி, கையின் திறனை நீட்டிக்கொடுக்கிற எந்திரம் வேறு, கையை நீக்குகிற எந்திரம் வேறு என்று கடைசிவரை எழுதிக்கொண்டிருந்தார்.

ஜெர்மனியின் 1972ஆம் ஆண்டுத் தொழிற்கூட அமைப்புச் சட்டம், தொழிலாளியின் நடத்தையையோ வேலைத்திறனையோ கண்காணிக்கக்கூடிய கருவி எதையும் தொழிலாளர் குழுவின் சம்மதமில்லாமல் கொண்டுவர முடியாது என்கிறது. நம்மிடம் என்ன இருக்கிறது? 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டம், ஆட்குறைப்புக்கு இட்டுச் செல்லக்கூடிய எந்திர மாற்றங்களுக்கு முன்னறிவிப்புத் தரச் சொன்னது. அதன் இடத்துக்கு வந்த, 2020இல் இயற்றப்பட்ட தொழிலுறவுச் சட்டத் தொகுப்பிலும் அந்த வாசகம் இருக்கிறது. வேலை போனால்தான் நம் சட்டத்துக்குக் கண் தெரிகிறது. வேலை இருக்கும்போதே அறிவு போவது அதன் கண்ணில் படுவதில்லை. நம் சங்கங்களின் கோரிக்கைப் பட்டியலிலும் நான் இதைப் பார்த்ததில்லை. கூலி, போனஸ், நிரந்தரம், எட்டு மணி நேரம்: எல்லாம் நியாயமானவை. அவற்றோடு சேர்க்க வேண்டிய சில கேள்விகளை மட்டும் இங்கே வைக்கிறேன்.

எந்திரம் என்னிடமிருந்து எதைப் பதிவு செய்கிறது? அந்தப் பதிவு எங்கே போகிறது, அதை நான் பார்க்கலாமா? அதிலிருந்து கற்றுக்கொண்ட எந்திரத்தால் வரும் லாபத்தில் எனக்குப் பங்கு உண்டா? எந்திரம் எடுத்த முடிவை மீற எனக்கு அதிகாரம் உண்டா, மீறினால் தண்டனை உண்டா? அது தப்புச் செய்து உருப்படி கெட்டால் பழி யார்மேல்? பலகையை அமைக்கும்போது அதன் முன்னால் எட்டு மணி நேரம் நிற்கப்போகிறவரை யாராவது கேட்டார்களா?

இவற்றுக்குப் பதில் எழுதப் பொறியாளர்கள் மட்டும் போதாது. பட்டறையில் இருப்பவர்கள் எழுத வேண்டும். எழுத வராது என்று அவர்கள் சொன்னால் உட்கார்ந்து கேட்டு எழுதுவது நம் வேலை. கைப்பக்குவத்தைப் பற்றிய நம் சொற்கள், பட்டறையில் புழங்கும் சொற்கள், சத்தங்களுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர்கள் எதுவும் நம் அகராதிகளில் சரியாக ஏறவில்லை. எந்திரம் அவற்றைப் பதிவு செய்துகொள்வதற்கு முன் நாமாவது செய்யலாம்.

அன்றைக்கு முதலாளி வந்து பேசிவிட்டுப் போகும்வரை டூல் கத்திக்கொண்டேதான் இருந்தது. நாங்கள் கிளம்பும்போது அது முறிந்தது. சூப்பர்வைசர் ஓடி வந்து பையனைத் திட்டினார். மாமா ஏதோ சொல்ல வாயெடுத்தார். பையன் அவரைப் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்தான்.